படுத்தபடியே அட்டென்ஷன்

முதல் நாள் டியூட்டியிலேயே சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதுவும் கமாண்டன்ட் ரவுண்ட்ஸ் வந்த நேரத்தில்.

நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு "உங்க சர்வீஸ் அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். வீரதீரம் எல்லாம் என்னிடம் கிடையாது. நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, கடலைத் தாண்டியதில்லை. என் யுத்தம் முழுக்கத் தாம்பரம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேதான் நடந்தது. அதில் ஒரு இடது காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1. இரண்டு நட்சத்திரம்

இலங்கைக்கு நம் ராணுவம் போயிருந்த சமயம் அது. நான் ராணுவ நர்ஸிங் படிப்பை முடித்து, தோளில் நட்சத்திரம் குத்திய கையோடு சொந்த ஊர்ப் பக்கமே போஸ்டிங் ஆகி வந்தேன். அங்கே அடிபட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். இருக்கிற படுக்கைகள் போதாமல் ஒரு பழைய பாரக்ஸுக்கு வெள்ளையடித்து, நாற்பது கட்டில் போட்டுத் தற்காலிக வார்டு ஆக்கியிருந்தார்கள். தலைக்கு மேல் விமானம் தாழ்வாகப் போனால் "கேஸ் வருது" என்று நாங்களே டிராலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவோம்.

வார்டின் இடது வரிசை முழுக்க எலும்பு உடைந்து மாவுக்கட்டு போட்டவர்கள். காலில் மாவுக்கட்டு போட்டால் விரல்களை மட்டும் மூடாமல் விடுவார்கள். போர்வையும் விரல்களை மறைக்கக் கூடாது. இது எங்கள் தொழிலின் சட்டம். அதனால் உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது முகங்கள் இல்லை, வரிசையாகக் கால் விரல்கள்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரித் தலைவரான கமாண்டன்ட் வாசலில் கால் வைத்ததும் வார்டு ஹவில்தார் கூரை அதிர இந்தியில் ஒரு கத்துக் கத்தினார். நிற்க முடிந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் விறைத்து நின்றார்கள். உட்கார முடிந்தவர்கள் உட்கார்ந்தபடியே அட்டென்ஷன். எழுந்திருக்கவே முடியாதவர்கள் படுத்தபடியே அட்டென்ஷன். ராணுவ ஆஸ்பத்திரி வழக்கம் அது. படிக்கும்போதே நான் பார்த்ததுதான். ஆனால் மாவுக்கட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற அத்தனை விரல்களும் ஒரே நேரத்தில் விசுக்கென்று நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற லால்ரி என் முழங்கையை இடித்தாள். எனக்கு அடக்க முடியவில்லை.

லால்ரி என்பவள் மிசோரம்காரி. என்னைப் போலவே புது லெப்டினன்ட். வந்த பத்தாவது நாளே வார்டு துடைக்க வரும் அம்மாவிடம் "இன்னாமே, சாப்ட்டியா?" என்று கேட்கும் அளவுக்குத் தமிழ் பிடித்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டையே சுற்றி வருவாள்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் மேட்ரன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேஜர் சாராம்மா, கோட்டயத்துக்காரர், எழுபத்தொன்று யுத்தத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தமிழில் பாதி மலையாளம் இருக்கும். கோபம் வந்தால் முக்கால் பங்கு.

"எந்தா ஜமீலா, சிரிப்பு? ஈ வார்டு என்ன சர்க்கஸோ?"

"விரல் மேடம்... எல்லா விரலும் ஒண்ணா..."

"ஆ விரல்தான் அவங்களால ஆட்ட முடியும். மற்றது எல்லாம் பிளாஸ்டர். அதைக் கொண்டு அவங்க மரியாதை செய்யுன்னு. நீ சிரி."

சுருக்கென்று இருந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். மேட்ரன் இல்லாத நேரத்தில் சிரித்தோம்.

என் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் அத்தாவுக்குச் சைக்கிள் கடை. ஏர்ஃபோர்ஸ்காரர்கள் காற்றடிக்க வந்தால் போதும், பம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அத்தா ஆரம்பித்துவிடுவார். "என் பொண்ணு லெப்டினன்ட் சார். ரெண்டு நட்சத்திரம். ரோட்டுல பாத்தீங்கன்னா நீங்க சல்யூட் அடிக்கணும்." அவர்கள் பாவம், காற்றடிக்க வந்த இடத்தில் என்ன பேசுவார்கள்? அம்மாவுக்கு என் நட்சத்திரத்தைப் பற்றி அக்கறையே இல்லை. யூனிஃபார்மில் தலைத்துணி உண்டா என்று மட்டும் கேட்டார். வெள்ளைத்துணி உண்டு என்றேன். அத்துடன் அவருக்கு ராணுவத்தின் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த இரண்டு நட்சத்திரத்தில் ஒரு தொந்தரவு இருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பார்த்தால் பேஷண்ட் ஐந்து நிமிஷம் புலம்புவான். எங்களிடம் புலம்ப மாட்டான். நாங்கள் நர்ஸ் இல்லை, ஆபீசர். வலிக்கிறதா என்று ஆபீசர் கேட்டால் ஜவானுக்கு வலி இருக்காது. பஞ்சாபியோ பீகாரியோ, கன்னடத்துக்காரரோ, எல்லோருக்கும் ஒரே பதில்: "ஒன்றுமில்லை மேடம்." வேலைக்குச் சுலபமாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

2. பதினேழாம் கட்டில்

லான்ஸ் நாயக் ஏழுமலை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். டிரைவர். வெடியில் வண்டி கவிழ்ந்து இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. ஃபைலைப் புரட்டினேன். சொந்த ஊர் என்ற இடத்தில் முடிச்சூர் என்று இருந்தது. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர்.

"முடிச்சூரா? நான் தாம்பரம்" என்றேன் தமிழில்.

இந்தியே கேட்டுக் கேட்டுச் சலித்த முகம் அது. அப்படியே மலர்ந்துவிட்டது. "தாம்பரத்துல எங்க மேடம்?"

"மார்க்கெட் பக்கத்துல. சைக்கிள் கடை."

"பாய் கடையா? எங்கப்பா இருந்தப்ப அவர் சைக்கிளுக்கு அங்கதான் மேடம் ஓவராயில் பண்ணுவோம்! நீங்க பாய் பொண்ணா?" என்று கேட்டவன், சட்டென்று ஞாபகம் வந்தவனாகக் கையை உடம்போடு ஒட்டி விறைத்துக்கொண்டான். மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரலும் நிமிர்ந்தன. "சாரி மேடம்" என்றான்.

"உங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா? விசிட்டர் டயத்துல வந்து பாக்கலாமே."

"வேணாம் மேடம்."

தந்தி அவன் அண்ணனுக்குப் போயிருந்தது. அண்ணன் மட்டும் அம்பத்தூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தான் ஏழுமலை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெற்றவள் பக்கத்து ஊரில் இருக்கிறாள், மகன் இங்கே கட்டிலில் கிடக்கிறான், அவளுக்குத் தெரியாதா?

"ஏன்பா இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன். டிரஸ்ஸிங் டிராலி நகர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசிகினு கீறாங்க மேடம். அங்க போயி நம்ம ஜனங்களையே சுட்டுட்டு வரானுங்கன்னு. எங்கம்மா தண்ணி புடிக்கப் போனா அது காது படப் பேசறாங்களாம். நான் சுடல மேடம், வண்டிதான் ஓட்டினேன். யார்கிட்டப் போயி சொல்றது? இப்ப என்னைத் தூக்கிகினு போயி வூட்ல போட்டா, நல்லா வேணும்பான். அந்தப் பேச்சக் கேட்டுகினு எங்கம்மா நிக்கணும். நானே நடந்து போனா எவனும் வாயத் தொறக்க மாட்டான். பஸ் ஸ்டாப்லேர்ந்து வூடு வரைக்கும் நடக்கணும் மேடம். அவ்ளோதான்."

அவன் கேட்டது மெடல் இல்லை. ஒரு தெரு நீளம் நடை. சரி, உன் அம்மா காதுக்கு என் வழியாகப் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அத்தாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் மார்க்கெட் முழுக்கச் சொன்ன மாதிரி. அதனால் வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இது பெரிய சாதனை.

அவன் சொன்ன பேச்சு எனக்கும் புதிதில்லை. வார லீவில் வீட்டுக்குப் போனபோது பக்கத்துக் கடை வாழைக்காய் மண்டிக்காரர் என்னை நிறுத்திக் கேட்டார். "இன்னாம்மா ஜமீலா, அங்க நம்ம ஜனம் சாவுது, நீ இங்க அவனுங்களுக்குக் கட்டு கட்டிகினு கீறியே, நல்லாகீதா?"

"எனக்குக் கட்டு கட்டத்தான்ணே தெரியும்" என்றேன். அது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அங்கே செத்தவர்களை நினைத்தால் எனக்கும் வயிறு எரிந்தது. இங்கே கட்டிலில் முனகாமல் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாலும் எரிந்தது. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அந்த வருஷங்கள் டியூட்டி பார்த்தேன்.

லால்ரியிடம் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவள் மெஸ்ஸில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள், எங்கள் மலைக்கும் ஒரு காலத்தில் ராணுவம் வந்தது, நான் இதில் சேரும்போது எங்கள் ஊர்க்காரர்களும் இதையேதான் கேட்டார்கள் என்று.

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார். அவள் சுடப் போகவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறாள் என்று. அப்புறம் யாரும் கேட்கவில்லை. நீயும் உன் அப்பாவைச் சொல்லச் சொல்."

எங்கள் அத்தா சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாரே, அதுதான் பிரச்னை என்றேன். இருவரும் சிரித்தோம்.

3. நோ கம்ப்ளைண்ட்

மூன்றாவது வாரம் ஏழுமலையின் மாவுக்கட்டு தளர்ந்துவிட்டது. ஒரு மதியம் சர்ஜன் அதை எடுத்துவிட்டு, எலும்பை இன்னும் கொஞ்சம் நேராக்கி, தொடையிலிருந்து பாதம் வரை புதுக்கட்டு போட்டார். சாயங்காலம் டியூட்டி முடிகிற நேரம் பார்த்தேன். விரல்கள் சூடாக இருந்தன, ஆடின. "வலி?" என்றேன். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கமாண்டன்ட் ரவுண்ட்ஸ். சிவிலியன் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது என்னவென்று புரியாது. போர்வை மடிப்புகள் நாற்பதும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். லாக்கர் மேல் டம்ளர் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கத்தரி, மாவுக்கட்டு வெட்டும் ஷியர்ஸ், கிண்ணம் எல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். அன்று காலை நானும் லால்ரியும் கல்யாண வீட்டுக்காரர்கள் போல ஓடினோம். ஒவ்வொரு கட்டிலிலும் "எல்லாம் சரியா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லோரும் சரி என்றார்கள். பதினேழாம் கட்டிலில் ஏழுமலையின் முகம் வியர்த்திருந்தது. கரண்ட் இல்லை, யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று நினைத்தேன்.

"வலி இருக்கா ஏழுமலை?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

விரலை ஆட்டச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தொட்டாவது பார்த்திருக்க வேண்டும். போர்வை மடிப்பை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ரிப்போர்ட் புக்கில் ஒன்றிலிருந்து நாற்பது வரை ஒரே மூச்சில் "நோ கம்ப்ளைண்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்குச் சொல்ல வெட்கப்படுகிற ஒரே இடம் இதுதான். அதனால்தான் சொல்கிறேன்.

சரியாக ஒன்பதுக்கு ஹவில்தார் கத்தினார். வார்டே விறைத்தது. நான் பழக்கதோஷத்தில் இடது வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு காலாக விரல்கள் நிமிர்ந்தன. பதினாறு நிமிர்ந்தது. பதினெட்டு நிமிர்ந்தது. நடுவில் பதினேழு மட்டும் அப்படியே கிடந்தது.

ஏழுமலை மற்ற எல்லாம் செய்திருந்தான். கை உடம்போடு ஒட்டியிருந்தது, தாடை இறுகியிருந்தது, கண் கூரையில் இருந்தது. அட்டென்ஷனில் ஒரு குறையும் வைக்காத ஆள். விரல் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

கமாண்டன்ட் நான்காம் கட்டிலில் நின்று ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போது நின்ற இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது. நான் அசைந்தேன். மேட்ரனின் பார்வை முதுகில் குத்தியது. நேராகப் பதினேழுக்குப் போய் விரல்களைத் தொட்டேன். மோர்ப்பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. நிறமும் வெளிறியிருந்தது.

"லெப்டினன்ட்!" கமாண்டன்ட்டின் குரல். பஞ்சாபிக்காரர், கர்னல், மீசையே தனி ஆள் மாதிரி இருக்கும். "ரவுண்ட்ஸ் இன்னும் முடியவில்லை."

பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், பதினேழாம் கட்டில் அட்டென்ஷன் வரலை சார்!"

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. கமாண்டன்ட்டுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "அவன் பேஷண்ட் அம்மா. விட்டுவிடு" என்றார் பெருந்தன்மையாக. கால் உடைந்தவன் விறைப்பாகப் படுக்கவில்லை என்று நான் புகார் சொல்கிறேனாம்!

"டிசிப்ளின் இல்ல சார், சர்க்குலேஷன்! விரல் ஆடலை. சில்லுனு இருக்கு. நேத்து போட்ட கட்டு."

அவர் நடந்து வருவதற்குள் நான் ஏழுமலையின் பாதத்தைப் போர்வையால் மறைத்துக்கொண்டு சுண்டுவிரலைத் தொட்டேன். "எந்த விரலைத் தொடறேன்?"

"பெருவிரல் மேடம்."

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டு அந்த விரலை மெல்ல மேலே இழுத்தேன். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அப்போதும் வாய் சொன்னது: "ஒண்ணும் இல்ல மேடம்."

எனக்கு வந்த கோபத்தில் ராணுவம், நட்சத்திரம், கர்னல் எல்லாம் மறந்துபோயின. "யோவ் ஏழுமலை! ஆபீசர் கேக்கலய்யா. தாம்பரம் சைக்கிள் கடை பாய் பொண்ணு கேக்கறேன். வலிக்குதா இல்லையா?"

அவன் கூரையிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"உயிர் போவுதுக்கா" என்றான்.

அதற்கு மேல் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாவுக்கட்டுக்குள் கால் வீங்கி, இடமில்லாமல் ரத்த ஓட்டத்தையே நசுக்கிக்கொண்டிருந்தது. உடனே கட்டைப் பிளந்தாக வேண்டும். கமாண்டன்ட் நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் சர்ஜனாகக் கத்தி பிடித்தவர். "ஸா!" என்றார். மாவுக்கட்டு அறுக்கும் மின்சார ரம்பம் இருந்தது, கரண்ட் இல்லை. "ஷியர்ஸ்!" என்றார். ரவுண்ட்ஸ் அழகுக்காக அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். சாவி ஹவில்தாரிடம். ஹவில்தார் எங்கே? வாசலில், சிலை போல, அட்டென்ஷனில். ஆராம், அதாவது இயல்பாக நிற்கலாம், என்று கமாண்டன்ட் வாயால் வந்தால்தான் அவர் அசைவார். கமாண்டன்ட்டோ சொல்ல மறந்துவிட்டார். சாவிக்காக நான் கத்துகிறேன், ஹவில்தார் கண் மட்டும் உருள்கிறது, ஆள் நகரவில்லை. கடைசியில் லால்ரி ஓடிப்போய் அவர் பெல்ட்டிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழை அப்போதுதான் அவரிடம் சொன்னாள்: "இன்னாமே!"

கமாண்டன்ட் ஷியர்ஸைப் பிடிக்க, நான் காலைத் தாங்க, இரண்டு பக்கமும் நீளவாட்டில் பிளந்தோம். உள்ளே இருந்த பஞ்சும் இறுகிக் கிடந்தது. அதையும் தோல் தெரியும் வரை வெட்டினோம். சர்ஜன் ஓடி வந்து, பார்த்த மாத்திரத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோனார். அங்கே தசையைச் சுற்றியிருந்த உறையையும் கீறிவிட வேண்டியிருந்தது.

மத்தியானம் வெளியே வந்த சர்ஜன் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "கால் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால், எடுத்திருப்பேன்."

நான் ஸ்டோர் ரூமில் போய் அழுதேன். காப்பாற்றிய சந்தோஷத்தில் இல்லை. ரிப்போர்ட் புக்கில் பதினேழுக்கு எதிரே என் கையெழுத்தில் அந்த இரண்டு வார்த்தை இருந்ததே, அதற்காக.

4. மெமோவும் டீயும்

கண்ணைத் துடைத்துக்கொண்டு புக்கை எடுத்துப் போய் மேட்ரன் மேஜையில் வைத்தேன். "பாக்காமலே எழுதிட்டேன் மேடம்" என்றேன். கிழித்து எறிவார் என்று எதிர்பார்த்தேன், புக்கையும் என்னையும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது வரியையும் நிதானமாகப் படித்தார். ஏழாவது வரியில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைக்கூடக் காட்டினார்.

"இந்த வரி வெட்டண்டா. இருக்கட்டே. கீழே நடந்தது எல்லாம் நேரம் போட்டு எழுது."

எழுதினேன். அவர் இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி எழுந்தார். "ரவுண்ட்ஸில் இடம் விட்டுப் போனதுக்கு உனக்கு மெமோ உண்டு. அது நியமம்." பிறகு ஆர்டர்லியைப் பார்த்து, "ஒரு ஸ்ட்ராங் டீ. இவளுக்கு. எண்டே கணக்கில்" என்றார். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன். சர்வீஸில் வாங்கிய வேறு எந்தக் காகிதத்தையும் பத்திரமாக வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வார்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. நானும் லால்ரியும் யோசித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரவுண்ட்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "விரல் பரேட்!" என்று குரல் கொடுப்போம். மாவுக்கட்டுக்காரர்கள் எல்லோரும் விரலை நிமிர்த்த வேண்டும், மடக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு விரலாகத் தொட்டுச் சூடு பார்ப்போம். வலிக்கிறதா என்று கேட்டால் பொய் சொல்கிற ஜவான், விரலை நிமிர்த்து என்று உத்தரவு போட்டால் பொய் சொல்ல மாட்டான். சொல்ல முடியாது. அவனுடைய மரியாதையே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். வார்டுக்கு இது விளையாட்டாகிவிட்டது. எந்தக் கட்டில் விரல் முந்தி நிமிர்கிறது என்று பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் தன் பங்கு பிஸ்கெட்டைக் கொடுக்க வேண்டும். ஹவில்தார்தான் நடுவர். அவர் சாவிக்கொத்தை இப்போது ஆணியில் மாட்டியிருந்தார்.

ஏழுமலையின் விரல்கள் வெகுநாள் அசையவில்லை. கீறிய இடத்தைத் தினமும் கழுவிக் கட்டு மாற்றுவேன். பரேட் நேரத்தில் எல்லோரும் நிமிர்த்தும்போது அவன் தன் காலையே முறைத்துக்கொண்டிருப்பான். "சொன்ன பேச்சு கேக்குதா பாருக்கா" என்பான். அன்றைக்கு வந்த அக்கா அதன் பிறகு மேடமாகத் திரும்பவில்லை. மேட்ரன் காதில் விழுந்தது. அவரும் கேட்காத மாதிரி போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை பெருவிரல் நெல்மணி அளவுக்கு அசைந்தது. பதினாறும் பதினெட்டும் கைதட்டினார்கள்.

"என்னப்பா, பெருவிரல் மட்டும்தான் டியூட்டிக்கு வந்திருக்கு?" என்றேன்.

"மத்த நாலும் லீவுல கீதுக்கா. தந்தி குடுத்துக்கீறேன்" என்றான்.

5. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை

தந்தி போய்ச் சேர்ந்து, நான்கும் ஒவ்வொன்றாக டியூட்டிக்குத் திரும்ப மாசங்கள் ஆயின. ஒரு வழியாகக் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தான். சிக் லீவ் போட்டு வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. எனக்கும் லால்ரிக்கும் அன்று ஆஃப். "வூட்டுக்கு வாங்கக்கா, துணைக்கு" என்றான். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டான். இரண்டு பேரும் சாதாரணப் புடவையில் கிளம்பினோம். லால்ரிக்குப் புடவை கட்டிவிட அரைமணி நேரம் ஆயிற்று.

தாம்பரத்தில் பஸ் ஏறி முடிச்சூரில் இறங்கினோம். தெரு முனையில் நின்று ஏழுமலை தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கைத்தடியை என்னிடம் நீட்டினான்.

"புடிங்கக்கா."

"கொஞ்ச தூரம் வச்சுக்கயேன்."

"வேணாம்கா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நாங்கள் பத்தடி பின்னால். நானும் எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறேன். அன்றைக்குப் போல் ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனதில்லை. இடது கால் லேசாகச் சாய்ந்தது, ஆனால் நின்றது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, "இன்னா ஏழுமல, லீவா?" என்று கேட்டார். "ஆமாண்ணா" என்றான், நிற்காமல்.

அவன் அம்மா வாசலில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். ஓடி வரவில்லை. அவன் வருவதையே, அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் பக்கத்தில் போய், "ரயில்ல உக்காந்து வந்ததுல கால் மரத்துப் போச்சும்மா" என்று சிரித்தான்.

அந்த அம்மா அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த தடியைப் பார்த்தார்.

"அந்தக் கம்ப அவன்கிட்ட குடும்மா" என்றார். "அவ்ளோ தூரம் நடந்து வந்துக்கீறான்."

தடியை அவனிடம் கொடுத்தேன். முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். லால்ரிதான் நிலைமையைக் காப்பாற்றினாள். முன்னால் போய்க் கையைக் கூப்பி, "இன்னாமே, சாப்ட்டியா?" என்றாள். அழுதுகொண்டிருந்த அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"யார்றா இவங்க?"

"இவங்க தாம்பரம் சைக்கிள் கடை பாய் பொண்ணும்மா. அவங்க மலையூரு. ரெண்டு பேரும் எங்க ஆபீசருங்க."

"ஆபீசரா? அப்ப நீ இன்னாடா மரம் மாதிரி நிக்கற, சலாம் போடாம?"

ஏழுமலை ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் தடியுமாக நின்றான். கீழே பார்த்தான். நானும் பார்த்தேன். ரப்பர் செருப்பில் இடது காலின் ஐந்து விரல்களும் ஒன்றாக, விசுக்கென்று நிமிர்ந்தன.

பிள்ளைகளே, பேஷண்ட் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் தொட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள். உங்கள் தோளில் என்ன இருந்தாலும் அதை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த நர்ஸிங் இவ்வளவுதான். அன்றைக்கு முடிச்சூர் தெருவில் என் கையில் ரிப்போர்ட் புக் இல்லை. இருந்திருந்தால் நேரம் போட்டு எழுதியிருப்பேன்: பதினேழாம் கட்டில், இடது கால், ஐந்து விரலும் ஆஜர். நோ கம்ப்ளைண்ட்.